மாத்திரைக்கு முன்னால் ஒரு கல்ச்சர் தட்டு

யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிற சோதனை, அதன் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பலருக்கு அதற்குள் நீர்க்கடுப்பு நின்றிருக்கும், கவரைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சிலருக்கு முதல் மருந்து கேட்காமல் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றி, அதிலும் இரண்டு நாள் ஓடியிருக்கும். எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு முதல் மாத்திரையைப் போட்டவர் ஒருவரையாவது காட்டு என்றால் நான் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். சின்ன ஊரில் மைக்ரோபயாலஜி லேபில் உட்கார்ந்துகொண்டு நானே இப்படிச் சொல்வது தொழிலுக்கு நல்லதில்லை. சரி, போகட்டும்.

இதற்கு வழி என்று ரொம்ப காலமாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. சாம்பிளை லேபுக்கு அனுப்பாதே, நோயாளி இருக்கிற இடத்திலேயே, டாக்டரின் அறையிலோ வார்டிலோ கல்ச்சரைப் போட்டுவிடு. படுக்கையருகே கல்ச்சர். கேட்க நன்றாக இருக்கிறது, ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடங்களில் கிடைத்த பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு மேல், முதல் மாத்திரை எப்போது வாய்க்குள் போகிறது என்பதுதான் கல்ச்சர் உதவுமா உதவாதா என்று முடிவு செய்கிறது. இது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், நேரம் எங்கே போகிறது? கிருமி வளர ஒரு ராத்திரி போதும். பாலில் உறை ஊற்றி மூடி வைத்தால் காலையில் தயிராகிவிடுகிற மாதிரிதான் இதுவும், கொஞ்சம் விதை, சரியான சூடு, தொந்தரவு செய்யாத ஒரு ராத்திரி. 37 டிகிரி இன்குபேட்டரில் மாலை வைத்த தட்டை மறுநாள் காலை எடுத்தால் ஈ.கோலை என்கிற குடல் கிருமி புள்ளிபுள்ளியாக உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து எடுத்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க, அதாவது சென்சிடிவிட்டிக்கு, இன்னொரு ராத்திரி. ஆக இரண்டு நாள். மற்றதெல்லாம் நாம் சேர்ப்பது. கலெக்‌ஷன் சென்டரில் பெட்டி நிறையும்வரை காத்திருப்பது, வண்டி வருவது, பெரிய ஊர் லேபில் வரிசையில் நிற்பது, கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருப்பது, கடைசியில் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்து அதை யாரும் திறக்காமல் இருப்பது.

இந்தக் காத்திருப்பில் நேரம் மட்டும் போனால் பரவாயில்லை. சாம்பிளே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை ஒருவர் தன் அம்மாவின் சிறுநீரைப் பழைய ஜூஸ் பாட்டிலில் கொண்டுவந்தார். "காலைலயே எடுத்தாச்சு மேடம்" என்றார் பெருமையாக. எத்தனை மணிக்குண்ணே என்று கேட்டேன். "விடியக்காலம், அஞ்சு அஞ்சரை இருக்கும். ஃபர்ஸ்ட் யூரின்தானே கேட்பீங்க?" அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, வெளியே சித்திரை வெயில், பாட்டில் பைக்கின் சைடு பெட்டியில் வந்திருக்கிறது. பாட்டிலைக் கையில் வாங்கும்போதே இளஞ்சூடு. சிறுநீர் கிருமிக்கு நல்ல சாப்பாடுதான். ஈ.கோலை தனக்குப் பிடித்த சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சிறுநீரில் அவ்வளவு வேகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அரை மணிக்கு ஒருமுறை என்றாலும் நான்கு மணி நேரத்தில் 256 மடங்கு. ஒரு மில்லியில் ஆயிரம் இருந்தது இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த ஆயிரம், சிறுநீர் வெளியே வரும்போது தோலிலிருந்து தவறி விழுந்ததாகக்கூட இருக்கலாம். அவருக்குப் புதிய டப்பா கொடுத்து, அம்மாவையே கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன். முகம் சுளித்துக்கொண்டுதான் போனார்.

ஏன் இந்த எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறோம் என்றால், கல்ச்சர் ரிப்போர்ட்டின் அடித்தளமே அதுதான். 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்கிற மருத்துவர், சிறுநீரகத்தில் தொற்று வந்து காய்ச்சலோடு படுத்திருந்த பெண்களையும் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மில்லிக்கு 1 லட்சம் கிருமி என்ற கோட்டைப் போட்டார். அதற்கு மேல் இருந்தால் உண்மையான தொற்று, கீழே இருந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து கலந்தது. லேபில் 1 மைக்ரோலிட்டர் பிடிக்கிற லூப், அதாவது கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டுத் தட்டில் இழுப்போம், 100 காலனி (ஒவ்வொரு கிருமியும் பெருகி உண்டாகிற புள்ளி) வந்தால் 1 லட்சம், அவ்வளவுதான் கணக்கு. பிற்பாடு 1982-இல் அமெரிக்காவில் ஸ்டாம் என்பவரின் குழு, கடுப்போடு வருகிற பெண்களுக்கு இந்தக் கோடு ரொம்ப உயரம், ஈ.கோலை வகைக் கிருமி மில்லிக்கு 100 இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று காட்டியது. இரண்டும் சரிதான். தொந்தரவு இருக்கிறவருக்குக் கோட்டைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும், இல்லாதவருக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ரெக்விசிஷன் தாளில் தொந்தரவு என்ன என்று எழுத விட்டிருக்கிற இடம் எப்போதும் காலியாகத்தான் வரும். நான் பார்ப்பது ஒரு டப்பாவை மட்டும்.

படுக்கையருகே கல்ச்சர் போடுவதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. சாம்பிள் சூடாகிப் பொய்யாவதற்கு முன்பே தட்டில் ஏறிவிடும், நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார், கேட்கலாம்.

எளிமையான வடிவம் டிப் ஸ்லைடு. ஃபின்லாந்தின் யூரிகல்ட் இதில் பழைய பெயர். ஒரு பிளாஸ்டிக் டியூப், அதன் மூடியிலேயே துடுப்பு மாதிரி ஒரு தகடு, தகட்டின் இரண்டு பக்கமும் அகார், அதாவது கிருமி வளர்கிற கெட்டிக் கூழ். ஒரு பக்கம் பச்சையாக இருக்கும், க்ளெட் என்போம், அதில் பெரும்பாலான சிறுநீர்க் கிருமிகள் வளரும். மறுபக்கம் சிவந்த நிறத்தில் மெக்கான்கி, அதில் ஈ.கோலை மாதிரியான குடல் கிருமிகள்தான் வளரும். சிறுநீரில் முக்கி, சொட்டு வடிந்ததும் டியூப்பில் திருகி, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் எண்ணக்கூட வேண்டாம், கூடவே வருகிற படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தால் போதும். க்ளெட்டைப் பற்றி ஒரு விஷயம், புரோட்டியஸ் என்ற கிருமி மற்ற தட்டுகளில் அலை அலையாகப் பரவி எல்லாவற்றையும் மூடிவிடும், க்ளெட்டில் உப்பைக் குறைத்து வைத்திருப்பதால் அதன் ஓட்டம் நின்றுவிடும். இதை யோசித்தவருக்கு நான் பலமுறை மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். புரோட்டியஸ் தெரிவது முக்கியமும்கூட, நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற நைட்ரோஃபுரான்டாயின் மருந்து அதனிடம் இயல்பாகவே பலிக்காது, சிறுநீரகக் கல்லோடு அதற்கு உறவும் உண்டு.

டென்மார்க் இதற்கு ஒரு படி மேலே போனது. அங்கே குடும்ப மருத்துவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே சிறுநீர்க் கல்ச்சர் போடுவது சாதாரண விஷயம். கோபன்ஹேகனில் 1902-இல் தொடங்கிய ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிட்யூட் இதற்காகவே ஃப்ளெக்சிகல்ட் என்றொரு தட்டைச் செய்தது. தட்டுக்குள் தடுப்புகள். பெரிய அறையில் வெறும் அகார், கிருமியை எண்ணவும் நிறத்தை வைத்து ஆளை அடையாளம் காணவும். சின்ன அறைகள் ஐந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். சிறுநீரைத் தட்டில் ஊற்றி, உடனே வடித்துவிட்டு, மூடி இன்குபேட்டரில் வைத்தால் மறுநாள் எல்லாம் ஒன்றாகத் தெரியும். எந்த அறையில் வளரவில்லையோ அந்த மருந்து வேலை செய்யும். லேபில் இரண்டு ராத்திரி ஆகிற காரியம் ஒரே ராத்திரியில். முதன்முதலில் இதைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அப்புறம் ஆய்வு முடிவுகள் வந்தன. 2017-இல் டேனிஷ் குழு ஒன்று, கிளினிக்கில் கல்ச்சர் மட்டும் போடுவதையும் கல்ச்சரோடு சென்சிடிவிட்டியும் சேர்த்துப் பார்ப்பதையும் ஒப்பிட்டது. சென்சிடிவிட்டி சேர்த்ததால் மருந்து சரியாகக் கொடுக்கப்படுவது கூடவில்லை. அடுத்த வருடம் இங்கிலாந்து, வேல்ஸ், நெதர்லாந்து, ஸ்பெயின் என நான்கு இடங்களில் 600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வு வெளியானது. சிலருக்குக் கிளினிக்கில் ஃப்ளெக்சிகல்ட், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. மூன்றாம் நாள் பார்த்தால், கல்ச்சருக்குப் பொருந்துகிற மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டு வைத்தவர்களில் 39 சதவீதம், வைக்காதவர்களில் 44 சதவீதம். சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை, இருந்தால்கூட தட்டுக்குப் பாதகமான பக்கம்.

தட்டு மோசமா? அதில் குறைகள் உண்டு. இரண்டு கிருமி கலந்து வளர்ந்தால் புதியவர்கள் குழம்பிவிடுவார்கள், மருந்து அறையில் மங்கலாக ஒரு படலம் இருந்தால் வளர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்வது அனுபவக் காரியம். ஆனால் எனக்கு உறுத்திய எண் வேறு. தட்டு வைத்த குழுவிலும் பத்தில் எட்டுப் பெண்களுக்கு மேல் முதல் சந்திப்பிலேயே ஆன்டிபயாடிக் சீட்டு எழுதப்பட்டிருந்தது. நாளைக் காலை விடை தெரியும் என்று கையில் தட்டு இருக்கிறது, ஆனாலும் இன்று மாலையே மாத்திரை. மறுநாள் தட்டைப் பார்த்து ஆரம்பித்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல எத்தனை டாக்டர்களுக்கு மனம் வரும்? நோயாளிக்குக் கடுப்பு குறைய ஆரம்பித்திருக்கும், போன் செய்தால் எடுக்க மாட்டார்.

எரிச்சலோடு கால் மடக்கி உட்கார்ந்திருக்கிற பெண்ணை ஒரு ராத்திரி காத்திரு என்று சொல்வது கொடுமை இல்லையா என்றால், கொஞ்சம் கொடுமைதான். 2015-இல் ஜெர்மனியில் சிக்கலில்லாத தொற்றோடு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் வலிக்கு இபுப்ரோஃபென் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் தொந்தரவு கூடுதலாக இருந்தது, சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களும் அந்தப் பக்கத்தில்தான் சற்று அதிகம். ஆகவே ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை, கர்ப்பம் இல்லை, வயது குறைவு, சர்க்கரை இல்லை என்றால் வலி மாத்திரையோடு ஒரு ராத்திரி பொறுக்கலாம், அதையும் டாக்டரோடு பேசித்தான். காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் பொறுக்கவே கூடாது, சாம்பிளைக் கொடுத்துவிட்டு உடனே மருந்து. சாம்பிளைக் கொடுத்துவிட்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனாலே தட்டு காலியாக வர வாய்ப்புண்டு.

நம் ஊரில் சிக்கல் டாக்டருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடுப்பு வந்தால் முதலில் உடம்புச் சூடு, இளநீர், பார்லி கஞ்சி, ராத்திரி ஊறவைத்த வெந்தயம். இதில் ஒரு கெடுதலும் இல்லை, தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுகூட. அடுத்தது மெடிக்கல் ஷாப், "யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே". பெரும்பாலும் கிடைப்பது நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ. பெரிய மருத்துவமனைகளின் சாம்பிள்களை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) வெளியிடுகிற கண்காணிப்பு அறிக்கைகளில் ஈ.கோலையில் பாதிக்கும் மேல் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காதவை. கல்ச்சர் வரை வருவது பெரும்பாலும் முற்றிய கேஸ்தான், முதல்முறை கடுப்பு வந்த பெண்ணிடம் இந்த எண் குறைவாக இருக்கலாம். இருந்தும் இரண்டு வேளை மாத்திரை பாதிக் கிருமியைக் கொன்று, மீதியைப் பழக்கி, என் தட்டைக் காலியாக்கிவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு வருகிற 'நோ க்ரோத்' ரிப்போர்ட்டைப் பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்வார்கள்.

இதற்கெல்லாம் பதிலாக இப்போது இன்னொன்று வந்திருக்கிறது, ராத்திரியையே தூக்கிவிடுகிற கருவி. பிரிட்டனில் 2014-இல் லாஞ்சிட்யூட் பரிசு என்று ஒன்றை அறிவித்தார்கள், ஆன்டிபயாடிக் தேவையா, தேவை என்றால் எது என்று நோயாளியின் அருகிலேயே சட்டென்று சொல்கிற சோதனைக்கு 80 லட்சம் பவுண்டு. பத்து வருடம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து 2024 ஜூனில் ஸ்வீடனின் சிஸ்மெக்ஸ் ஆஸ்ட்ரிகோவுக்குக் கொடுத்தார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை. அரை மில்லிக்கும் குறைவான சிறுநீரை ஒரு சின்ன கார்ட்ரிட்ஜில் விட்டால், உள்ளே இருக்கிற நுண்ணிய வாய்க்கால்களில் கிருமிகள் ஒவ்வொன்றாகச் சிக்கிக்கொள்ளும், மைக்ராஸ்கோப் அவற்றைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும், மருந்து ஓடுகிற வாய்க்காலில் வளர்ச்சி நிற்கிறதா என்று பார்க்கும். கிருமி இருக்கிறதா என்பது 15 நிமிடத்தில், மருந்து எது என்பது 45 நிமிடத்தில். காலனி உண்டாகும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை, ஒரு கிருமி நீள்கிறதா இல்லையா என்பதே விடை. அழகான வேலை. நம் ஊர் கிளினிக்குக்கு இது எப்போது என்ன விலையில் வரும் என்பது வேறு கதை. ஆனால் 45 நிமிடம் என்றால் நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், டாக்டரும் சீட்டு எழுதாமல் பொறுப்பார். என் வாதத்துக்கு இதுவே சாட்சி, இதன் பலம் முதல் மாத்திரைக்கு முன்னால் விடை கிடைப்பதில்தான்.

அது வரும்வரை டிப் ஸ்லைடு யாருக்கு? என்னைக் கேட்டால் கர்ப்பிணிகளுக்கு முதலில். கர்ப்பத்தில் ஒரு தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தால்கூட மருந்து கொடுக்க வேண்டும், விட்டால் அவர்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகம் வரை ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் இதைக் கண்டுபிடிக்கக் கல்ச்சரைத்தான் சொல்கிறது, அது இல்லாத இடத்தில் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற கிராம் ஸ்டெய்ன், அதற்கும் பிறகுதான் நிறம் மாறுகிற டிப்ஸ்டிக் பட்டை. நாம் தலைகீழாக, பட்டையிலேயே நின்றுவிடுகிறோம். பட்டையின் நிறத்தை மாற்றுகிற நைட்ரைட்டைக் கிருமி உண்டாக்க, சிறுநீர் மூத்திரப்பையில் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும், அடிக்கடி போகிற கர்ப்பிணிக்கு அது எங்கே தங்கும்? எண்டெரோகாக்கஸ் என்ற கிருமிக்கு நைட்ரைட்டே வராது. கிராம் ஸ்டெய்னோ சில ரூபாய்க் காரியம், சுழற்றாத சிறுநீரில் ஒரு சொட்டை வைத்துச் சாயம் போட்டு ஆயில் லென்ஸில் பார்த்தால், ஒரு பார்வைப் பரப்புக்கு ஒரு கிருமி தெரிந்தாலே மில்லிக்கு ஏறக்குறைய 1 லட்சம். இங்கே அவசரமும் இல்லை, ஆகவே ஒரு ராத்திரி காத்திருக்கச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தட்டு ஜெயிக்கிற இடம் இது. அடுத்தது, மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கடுப்பு வருகிற பெண்கள். அவர்களுக்குப் பழகிய எரிச்சல், காத்திருக்கத் தெரியும், எந்த மருந்து கைவிட்டது என்ற கணக்கும் வேண்டும்.

யாருக்குப் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வார்டில் ஸ்லைடு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் எல்லாரையும் முக்கிப் பார்க்கத் தோன்றும். சிறுநீர் போக டியூப் போட்டுப் படுத்திருக்கிற தாத்தாவின் சிறுநீரில் கிருமி இருக்கத்தான் செய்யும், ஒரு மாதம் ஆகிவிட்டால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, வெறுமனே யூரின் நாறுகிறது, கலங்கலாக இருக்கிறது என்று கல்ச்சர் போட்டால் ஐந்து மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா ஒன்று வரும், மெரோபெனம் ஊசி ஆரம்பிப்பார்கள், தாத்தாவுக்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும். வந்த கிருமி நோயில்லை. ஆனால் சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வந்த பிறகு வீட்டாரிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது நடக்கிற காரியமா?

எங்கள் தெருவில் மகப்பேறு பார்க்கிற டாக்டரம்மா ஒருவரோடு இதைப் பேசிப் பேசி இப்போது சிறிய அளவில் ஆரம்பித்திருக்கிறோம். கர்ப்பிணிகளுக்கு மட்டும், அவர் கிளினிக்கிலேயே, சிஸ்டர் முக்கி வைப்பார், மேசை ஓரத்தில் சின்ன இன்குபேட்டர். காலையில் ஸ்லைடில் ஒன்றும் இல்லையென்றால் டியூப்பிலேயே கிருமிநாசினி ஊற்றி மூடி மஞ்சள் பையில், கல்ச்சர் போட்ட எதையும் கிருமியை அழிக்காமல் வெளியே கொடுக்கக் கூடாது என்பது 2016 மருத்துவக் கழிவு விதி. வளர்ந்திருந்தால் மூடியைத் திறக்காமல் என்னிடம் வரும், நான் சென்சிடிவிட்டி போடுவேன். கிளினிக்கில் சென்சிடிவிட்டி தட்டு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், டென்மார்க் தட்டில் டேனிஷ் மருந்துகள், நமக்கு நம் மருந்துகள், படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். சிஸ்டர் நன்றாகவே பழகிவிட்டார், படத்தைப் பார்க்காமலே அடர்த்தி சொல்கிறார். மின்சாரம் போனால் இன்குபேட்டரை என்ன செய்வது என்பதற்கு இன்வெர்ட்டரில் ஒரு லைன் இழுத்தாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் முக்குகிற ஸ்லைடை ஞாயிற்றுக்கிழமை யார் வந்து பார்ப்பது என்பதுதான் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.